19 சென்ட் டோக்கனும் சீனக் குறிகள் விழுந்த வெள்ளி டாலரும்: இவற்றை எப்படி அறிவது, எங்கிருந்து சேகரிக்கத் தொடங்குவது?

கேள்வி: பெட்டகத்தான்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் முன்னோர் கொழும்பிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். சென்ற ஆண்டு ஊர் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தபோது, ஒரு மரப் பெட்டகத்தின் அடித்தட்டில் கிடந்த சில உலோகத் துண்டுகள் என் பங்குக்கு வந்தன. மற்றவர்கள் வெள்ளிப் பாத்திரங்களைக் கேட்டார்கள். இவற்றை யாரும் கேட்கவில்லை. அவற்றுள் நான்கைப் பற்றி மட்டும் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, பித்தளை நிறத்தில் வட்டமான ஒரு டோக்கன். நிறுவனத்தின் பெயர் தேய்ந்துவிட்டது. கொழும்பு என்னும் ஊர்ப்பெயரும் 19 என்னும் எண்ணும் தெளிவாக உள்ளன. 19 சென்ட் என்று ஒரு மதிப்பை யார், எதற்காக வைத்திருப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது, பெரிய வெள்ளி நாணயம். ஒரு பக்கம் மாலை சூடிய மன்னரின் தலை, மறுபக்கம் இரு தூண்களுக்கிடையே கேடயம். இரு பக்கங்களிலும் சீன எழுத்துகளைப் போன்ற சிறு குத்துகள் ஏழெட்டு இருக்கின்றன. மூன்றாவது, ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, அரை அணா என்று பொறித்த செம்புக் காசு. அதன் மறுபக்கத்தில் சஞ்சீவி மலையைத் தூக்கிச் செல்லும் அனுமன். நான்காவது, முதல் உலகப் போர்க் காலத்து வெள்ளிப் பதக்கம் ஒன்று. அதன் விளிம்பில் ஏதோ பெயர் பொறித்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் படைக்குப் போனதில்லை; இது பெட்டகத்துக்கு எப்படி வந்தது என்றும் தெரியவில்லை.

அனுமன் காசின் படத்தை ஓர் இணையச் சந்தையில் பார்த்ததாகச் சொல்லி, அதற்கு மூன்று லட்சம் தருவதாகவும், பதிவுக் கட்டணமாகப் பதினைந்தாயிரம் மட்டும் முன்னதாக அனுப்ப வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. இவற்றை வைத்து முறையாக ஒரு சேகரிப்பைத் தொடங்க விரும்புகிறேன். வீட்டில் உள்ளவர்கள் நான்கையும் புளி போட்டுத் துலக்கி வைக்கச் சொல்கிறார்கள். தங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்.

பதில் 1: மலைநாட்டுக் காசு

ஐயா, முதலில் அந்தப் புளியை எட்ட வையுங்கள். குத்துவிளக்குக்கு அது சரி. நூற்றைம்பது ஆண்டுகளாக உலோகத்தின் மேல் படிந்த நிறப்படலத்தை அது ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும், பிறகு எவராலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மேலே ஒட்டிய மண் தொந்தரவாக இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தங்கள் டோக்கன் இலங்கைக் காப்பிக் காலத்தைச் சேர்ந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் பறித்த காப்பி, மேல்தோல் நீக்கப்பட்டு, உள்தோலுடன் கொழும்புக்கு இறக்கப்பட்டது. அங்கே நகரத்து ஆலைகளின் முற்றங்களில் அதை மறுபடி காயவைத்து, தோலை உடைத்து, கொட்டைகளைக் கையால் தரம் பிரித்துப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். தரம் பிரிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். ஒரு நாள் வேலைக்குக் கையில் ஒரு டோக்கன் கொடுப்பது, சேர்ந்த டோக்கன்களைப் பிறகு பணமாக மாற்றிக்கொள்ள விடுவது என்பது 1840களிலிருந்து கொழும்பு நிறுவனங்களின் வழக்கமாக இருந்தது. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனி உள்ளிட்ட பல நிறுவனங்கள் தங்கள் பெயரில் இவற்றை அடித்து வாங்கின. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துப் பட்டறைகள் இவ்வகை வேலைக்குப் பேர்போனவை.

இனி அந்த 19க்கு வருகிறேன். அன்றைய இலங்கையின் நாணயமான ரிக்ஸ்டாலர் ஒன்று, 'பணம்' என்னும் சிறு நாணயங்கள் பன்னிரண்டுக்குச் சமம். ஆங்கிலக் கணக்கில் அது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் (ஒரு ஷில்லிங் பன்னிரண்டு பென்ஸ்). ஆகவே ஒரு பணத்துக்கு ஒன்றரைப் பென்ஸ், மூன்று பணத்துக்கு நாலரைப் பென்ஸ். பழைய டோக்கன்கள் சிலவற்றில் நாலரைப் பென்ஸ் என்றே மதிப்பு எழுதியிருக்கும். 1872இல் இலங்கை நூறு சென்ட் கொண்ட ரூபாய்க்கு மாறியது. ரூபாயை இரண்டு ஷில்லிங்குக்குச் சமமாக வைத்தார்கள். அந்தக் கணக்கில் நாலரைப் பென்ஸ் என்பது பதினெட்டே முக்கால் சென்ட். முக்கால் சென்ட்டைக் கையில் கொடுக்க முடியாது என்பதால் அது பத்தொன்பதாக முழுமையாக்கப்பட்டது. அதாவது பணம், பென்ஸ், சென்ட் என்று மூன்று கணக்குகள் மாறியபோதும் கூலி அந்த மூன்று பணத்திலேயே நின்றிருக்கிறது. நாட்டின் நாணயச் சட்டத்தைப் படித்தால் இது தெரியவராது. அந்த டோக்கனின் முகத்தில்தான் தெரிகிறது. நான் டோக்கன்களைச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து தங்கள் டோக்கனின் காலத்தையும் கணிக்கலாம். சென்ட் கணக்கில் இருப்பதால் 1872க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அழித்துவிட்டது. எனவே 1880களுக்கு மிகப் பிற்பட்டதாகவும் இருக்காது. நிறுவனத்தின் பெயரைப் படிக்க, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக விழச் செய்து, டோக்கனை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் நிழலில் எழுந்து வரும்.

பதில் 2: சராப்புக்கடை

வெள்ளி நாணயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தாங்கள் வருணிப்பது ஸ்பானிய டாலர் எனப்படும் எட்டு ரியால் நாணயம். மெக்சிகோ, பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் வெள்ளியில் அடிக்கப்பட்டு, பசிபிக் கடலைத் தாண்டி மணிலா வழியாகவும், ஐரோப்பியக் கப்பல்களில் வேறு வழிகளிலும் ஆசியாவுக்குக் கோடிக்கணக்கில் வந்து சேர்ந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வணிகக் கணக்கே இந்த டாலரில்தான் நடந்தது. ஆகவே தங்கள் குடும்பப் பெட்டகத்தில் அது இருப்பதில் வியப்பில்லை.

அதன் மேலுள்ள குத்துகள் சீனச் சராப்புகளின், அதாவது நாணயத்தைச் சோதித்து மாற்றித் தருவோரின், குறிகள். கையில் வந்த டாலரை எடை போட்டு, ஓசை கேட்டு, வெள்ளி நல்லதுதான் என்று தெரிந்த பிறகு சராப்பு தன் சிறு உளியால் ஒரு குறியை இடுவார். பின்னால் அதே நாணயம் கள்ளமென்று தெரியவந்தால், குறி யாருடையதோ அவர் மாற்றிக் கொடுக்க வேண்டும். கை மாற மாறக் குறிகள் கூடும். மிகுதியாகக் குத்துப்பட்ட டாலர் கிண்ணம்போல் குழிந்து, கடைசியில் உடைந்து, வெறும் எடைக்கு விலைபோகும். நாணயச் சேகரிப்பாளர்கள் பல்லாண்டுகளாக இக்குறிகளைச் சேதம் என்று கருதி ஒதுக்கினார்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் குறிகளை இன்று தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் போலிகளும் அதே அளவுக்கு உண்டு. எனவே நான்கு விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: எடை, விட்டம், ஆண்டு, விளிம்பின் வேலைப்பாடு. நல்ல நாணயம் புதிதாக இருந்தபோது 27 கிராமும், ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டது.

பெட்டகத்தான்

மிக்க நன்றி. நகைக்கடைத் தராசில் 26.7 கிராம் காட்டுகிறது. விட்டம் 39 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆண்டு 1799, மன்னர் பெயர் கரோலஸ், அதனை அடுத்து நான்கு கோடுகள். பின்பக்கத்தில் எம் என்னும் எழுத்தின் தலைமேல் ஒரு சிறு வட்டமும், கடைசியில் எஃப்.எம். என்னும் இரண்டு எழுத்துகளும் உள்ளன. விளிம்பில் ஒரு வட்டம், ஒரு நீள்சதுரம் என மாறி மாறி வருகிறது.

சராப்புக்கடை

எல்லாம் ஒத்துப்போகின்றன. நான்காம் கார்லோஸ் 1788 முதல் 1808 வரை ஆண்டவர். வட்டம் தாங்கிய எம் என்பது மெக்சிகோ அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் சாலையின்) குறி. 1799இல் அங்கே வெள்ளியின் மாற்று, அதாவது தரம், பார்த்தவர்களின் குறியும் எஃப்.எம். தான். போலி அடிப்பவர்கள் வழுக்கும் இடம் பெரும்பாலும் இதுவே. நான்காம் கார்லோஸின் பெயரை 1781ஆம் ஆண்டுடன் சேர்த்துப் பொறித்த துண்டுகளை நான் கடைகளில் பார்த்திருக்கிறேன். விளிம்பில் வரிசை குழம்பியிருந்தாலும், நடுவில் வார்ப்புக் கோடு ஓடினாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கு கிராம் குறைவது இரண்டு நூற்றாண்டுத் தேய்மானத்துக்கும் இத்தனை குத்துகளுக்கும் இயல்பான இழப்பு.

நாணயம் நல்லதாக இருந்து, அதன் மேல் விழுந்த முத்திரை மட்டும் போலியாக இருக்கும் நிலையும் உண்டு. மேல்முத்திரை நாணயங்களில், அதாவது அடித்து முடித்த நாணயத்தின் மேல் பிறகு வேறு முத்திரை குத்தியவற்றில், உண்மையான ஆபத்து அதுதான். குத்து விழுந்த இடத்துக்கு நேர் பின்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கட்டையின் மேல் வைத்து ஓங்கி அடிக்கும்போது அந்த இடம் தட்டையாகியிருக்க வேண்டும், அல்லது சற்றே புடைத்திருக்க வேண்டும். குத்தின் ஓரத்தில் பிதுங்கிய உலோகம் மற்றப் பகுதிகளைப் போலவே மழுங்கியிருக்க வேண்டும். நாணயம் முழுவதும் தேய்ந்து கருத்திருக்க, குத்துக்குள் மட்டும் கூர்மையும் பளபளப்பும் இருந்தால், அந்தக் குத்து நேற்றுப் பட்டறையில் விழுந்தது.

பதில் 3: உடைந்த டாலர்

சராப்புக்கடை ஐயா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் மேல்முத்திரை நாணயங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் சில்லறைப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், 1812 நவம்பரில் சமரங் என்னும் கப்பல் நாற்பதாயிரம் ஸ்பானிய டாலர்களைச் சிட்னிக்குக் கொண்டுசேர்த்தது. அவை கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து அனுப்பியவை. அப்படியே புழங்கவிட்டால் அடுத்த கப்பலில் வெளியேறிவிடும் என்பதை அறிந்த ஆளுநர் மக்குவாரி, ஒவ்வொரு டாலரின் நடுவையும் வெட்டி எடுக்கச் செய்தார். கள்ள நாணயம் செய்து தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட வில்லியம் ஹென்ஷல் என்பவரிடமே அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆள் தேர்வில் ஆளுநருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஓட்டை விழுந்த வளையத்தில் நியூ சவுத் வேல்ஸ், 1813, ஐந்து ஷில்லிங் என்று முத்திரையிட்டார்கள். வெட்டியெடுத்த நடுத் துண்டுக்குப் பதினைந்து பென்ஸ் என்று மதிப்பிட்டார்கள். வளையமும் துண்டும் சேர்ந்து முழு டாலரைவிடக் கூடுதலான மதிப்புப் பெற்றதால், அவற்றைக் கடல் கடத்துவதில் எவருக்கும் ஆதாயம் இல்லாமல் போனது. 1820களில் அவற்றைத் திரும்பப் பெற்று உருக்கிவிட்டார்கள். இன்று ஏறத்தாழ முந்நூறு வளையங்களே எஞ்சியுள்ளன. ஓட்டை டாலர் என்று யாரேனும் சந்தையில் காட்டினால், முதலில் அடி நாணயத்தின் ஆண்டைப் பாருங்கள். 1813க்குப் பிற்பட்டதாக இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை.

இங்கிலாந்து வங்கியும் இவ்வழியில் சென்றது. 1797இல் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, ஸ்பானிய மன்னரின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் சிறு தலையை நீள்வட்ட முத்திரையாகக் குத்தி வெளியிட்டார்கள். பெரிய மன்னரின் கழுத்தில் ஒட்டிக்கொண்ட அந்தச் சின்ன மன்னரை இலண்டன் மக்கள் கேலி செய்து தீர்த்தார்கள். கள்ள முத்திரையும் பெருகியது. 1804இல் எண்கோண முத்திரைக்கு மாறிப் பார்த்தார்கள். அதுவும் உதவாததால், அதே ஆண்டில் பர்மிங்ஹாமில் மேத்யூ பௌல்ட்டன் என்பவரின் நாணயப் பட்டறைக்கு டாலர்களை அனுப்பி, முழு நாணயத்தின் மேலும் புது அச்சு அடித்தார்கள். சென்னையிலும் அவ்வாறே 1807 அளவில் ஸ்பானிய டாலர்களின் மேல் கோபுரமும் நட்சத்திரங்களும் கொண்ட அரைப் பகோடா என்னும் வெள்ளி நாணயத்தை அடித்தார்கள். நல்ல வெளிச்சத்தில் சில அரைப் பகோடாக்களின் கோபுரத்துக்கு அடியில் மன்னரின் மூக்கும் நெற்றியும் இன்றும் தெரியும். தமிழும் தெலுங்கும் பொறித்த அந்த நாணயங்களை ஒரு தமிழ்ச் சேகரிப்பாளர் தேடுவதில் தனிப் பொருத்தம் உண்டு.

பெட்டகத்தான்

முத்திரை என்றாலே நம்பிக்கைச் சான்று என்று கொள்ளலாமா? எதிர்மாறான நோக்கத்தில் குத்தியவையும் உண்டா?

உடைந்த டாலர்

உண்டு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் ஐந்நூறு ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. பொன்னின் தரம் பார்க்க வெட்டியதா, இனி இது நாணயமாகச் செல்லாது என்று அறிவிக்க வெட்டியதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தரம் பார்க்க ஒரு சிறு கீறல் போதும், ஒவ்வொரு முகத்தையும் தேடி வெட்ட வேண்டியதில்லை என்பதால் நான் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறேன்.

பதில் 4: மலைநாட்டுக் காசு

அனுமன் காசுக்கு யாரும் பதில் சொல்லாததன் காரணம், இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லிச் சலித்திருப்பதே. கிழக்கிந்தியக் கம்பெனி அனுமன் உருவத்துடன் எந்தக் காசையும் வெளியிட்டதில்லை. 1818இல் சென்னை மாகாணத்தில் செம்புக் காசுகளின் கணக்கு காசு, பணம் என்றுதான் ஓடியது. இந்தியா முழுமைக்கும் பொதுவான நாணயமுறை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின் கம்பெனி அடித்த செம்பு அரை அணாவில் 1835 அல்லது அதற்குப் பிற்பட்ட ஆண்டும் கம்பெனியின் சிங்கங்கள் தாங்கிய சின்னமும் இருக்கும், தெய்வ உருவம் இராது. தங்களிடம் இருப்பது பிற்காலத்தில் பூசைக்கும் நேர்த்திக்கும் விற்பனைக்கும் அடிக்கப்பட்ட வில்லை. அரிசியை இழுக்கும், செல்வத்தை ஈர்க்கும் என்று கதை கட்டி இதே வில்லையை வைத்து ஊர் ஊராக மோசடி நடக்கிறது. முன்பணம் கேட்பவருடைய எண்ணை உடனே தடுத்துவிடுங்கள். பழைய நாணயங்களை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியிட்டது.

எனினும் அதைத் தூக்கியெறிய வேண்டாம். இராமர் பட்டாபிஷேகக் காட்சியுடன் வெள்ளியில் அடித்த ராமடங்காக்கள் என்று ஒரு பழைய மரபு உண்டு. தட்டார்கள் செய்து யாத்திரைத் தலங்களில் விற்ற கோயில் வில்லைகள் அவை. அவற்றிலுள்ள ஆண்டுகள் பெரும்பாலும் கற்பனை என்றாலும், வேலைப்பாடு நன்றாக உள்ளவற்றுக்குத் தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தங்கள் அனுமன் காசு அந்த மரபின் கடைசிக் கொழுந்து. அதனைக் கம்பெனி நாணயம் என்று சொல்லாமல் கோயில் வில்லை என்று எழுதி வைத்தால் சேகரிப்பில் அதற்கும் நேர்மையான இடம் உண்டு.

பதில் 5: விளிம்பெழுத்து

பதக்கம் என் துறை. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தலை ஒரு பக்கமும், குதிரைமேல் ஆடையற்ற வீரன் ஒருவன் கழுகுக் கேடயத்தை மிதிப்பதும் 1914, 1918 என்னும் ஆண்டுகளும் மறுபக்கமும் இருந்தால், அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். படைவீரர்களுக்கு வெள்ளியிலும், இந்தியா, சீனா, மால்டா போன்ற இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். வெள்ளிப் பதக்கங்கள் இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. 1980ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது ஏராளமானவை உருக்கப்பட்டன. வெண்கலப் பதக்கமே அரிது.

இதன் மதிப்பு முழுவதும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைச் சிறு அச்சுகளால் அழுத்திப் பொறித்திருப்பார்கள். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போட்டிருந்தால் அந்த இடத்தில் விட்டம் குறையும். சாதாரண அளவுகோலில் தெரியாது, வெர்னியர் அளவியால் நாலைந்து கோணங்களில் அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 36 மில்லிமீட்டர் வர வேண்டும். இதற்கு மாறாக, 1911ஆம் ஆண்டின் டில்லி தர்பார் பதக்கத்தைப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். அதில் பெயர் இருந்தால் வாங்கியவர் தம் செலவில் பொறித்துக்கொண்டது என்று பொருள்.

தங்கள் குடும்பத்தில் எவரும் படைக்குப் போகாதபோது பதக்கம் பெட்டகத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கல் வாங்கல் செய்த வீடு என்கிறீர்கள். போரிலிருந்து திரும்பிய எவரோ அடகு வைத்து மீட்காமல் போயிருக்கலாம். பழைய அடகுப் பேரேடு இன்னும் வீட்டில் இருந்தால் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயரை இங்கே பொதுவில் இட வேண்டாம். அவருடைய கொள்ளுப்பேரர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கக்கூடும்.

பெட்டகத்தான்

பேரேடுகள் இரண்டு உறவினர் வீட்டில் இருக்கின்றன. கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். சேகரிப்பை இலங்கை டோக்கன்களோடு நிறுத்திக்கொள்வதா, அசாம் தேயிலைத் தோட்டத்து டோக்கன்களையும் சேர்ப்பதா? இன்னொன்று: என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் போகும்போது டாலரை அங்கே உள்ள சீனக் குறி அறிந்தவர்களிடம் காட்ட எடுத்துச் செல்லலாமா?

மலைநாட்டுக் காசு

அசாம், சில்ஹட் பகுதிகளின் தேயிலை டோக்கன்கள் அழகானவை. வட்டம், முக்கோணம், எண்கோணம் என்று வடிவம் மாறும், பித்தளையும் துத்தநாகமும் உண்டு, முழு நாள் வேலைக்கும் அரை நாளுக்கும் வேறு வேறு டோக்கன்கள். ஆனால் அது தனிக் கடல். கொழும்பு நிறுவனங்களை ஒவ்வொன்றாக முடித்த பிறகு அங்கே போகலாம் என்பது என் கருத்து. எதை வாங்கினாலும் எவரிடம், எந்த ஊரில், என்ன விலைக்கு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். விலை மலிந்த நெகிழி உறைகளில் போடாதீர்கள்; அவற்றிலிருந்து கசியும் வேதிப்பொருளால் செம்பில் பச்சைப் பிசின் படியும். அட்டைச் சட்டத்தில் மைலார் என்னும் ஒளிபுகும் மெல்லிய தாள் ஒட்டிய உறையே நல்லது.

சராப்புக்கடை

டாலரை எடுத்துச் செல்லாதீர்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது, விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள். உள்நாட்டில் வைத்திருக்கத் தடையில்லை. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்ததாக இருந்தால் மட்டும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் குறுக்கே வரும், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பப் பெட்டகத்துக்கு அது பொருந்தாது. தங்கள் மகளிடம் படங்களைக் கொடுத்தனுப்பினாலே போதும். ஒவ்வொரு குறியையும் தனித்தனியே, இரண்டு கோணங்களிலிருந்து வெளிச்சம் விழச் செய்து, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து எடுங்கள். குறி எந்தப் பக்கம் மேலாக நிற்கிறது என்று தெரியாதாகையால், அதே படத்தை நான்கு திசையிலும் திருப்பி அனுப்புங்கள்.